மறுப்பவர் ஆமாம் சொல்லும் வரை

"அவருக்கு என்ன பதில் சொல்றது, சிஸ்டர்?" என்று கேட்டார் ஃபாதர் மதலைமுத்து.

"அவர் என்ன கேட்டார், ஃபாதர்?" என்றார் சிஸ்டர் பிரகாசி.

"அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"இவ்வளவு நேரம் சொன்னது உங்க பதில். அவர் கேள்வி இன்னும் வரலை."

மதலைமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஐம்பது வயதைத் தாண்டியவர். குருமடத்தில், சாமியாராகப் போகிற பையன்களுக்குத் தத்துவம் நடத்தியே தலை நரைத்தவர். பிரகாசி அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தர்க்கம் படித்த கன்னியாஸ்திரி. திருச்சபையில் ஃபாதர் பேசுவார், சிஸ்டர் கேட்டுக்கொள்வார். எங்கும் எழுதிவைக்காத சட்டம் இது. ஆனால் இந்தக் கன்னியர் மடத்து வரவேற்பறையில் சனிக்கிழமை தோறும் நடக்கும் வாதக் கூட்டத்தில் அந்தச் சட்டம் செல்லாது. இங்கே பிரகாசிதான் ஆசிரியர். பிஷப்பே வந்தாலும் பிளாஸ்டிக் நாற்காலிதான்.

மதலைமுத்து விரும்பி வந்து மாணவரானார் என்று சொல்ல முடியாது. தேவை வந்தது, வந்தார்.

ஊருக்கு வெளியே இருந்த பல்கலைக்கழகத்தில், தத்துவத் துறையில், ஒரு விருப்பப் பாடம் கொண்டுவர அவர் ஆசைப்பட்டார். கத்தோலிக்கத் தத்துவ மரபு என்று பாடத்துக்குப் பெயர். கோயிலைச் சேர்ந்த பங்குப் பிள்ளைகள் வருடா வருடம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார்கள். சிலர் போன வேகத்தில் கோயிலை விட்டார்கள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். மற்றவர்கள் கோயிலுக்கு வந்தார்கள். யோசிப்பதைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நம்பிக்கை, யோசனை இரண்டையும் ஒரே அறையில் உட்காரவைக்காமல் சாகக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்.

பாடத்திட்டக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. துறைத்தலைவர் சேரலாதன் தலையசைக்காமல் அங்கே எதுவும் நடக்காது. சேரலாதன் பகுத்தறிவுக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். "உங்களை ஃபாதர்னு கூப்பிட எனக்கு வாய் வராது, சார்னு கூப்பிடுறேன், கோவிச்சுக்காதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பாடத்திட்டத்தை முழுக்கப் படித்தார். மூடி வைத்தார். "இது இங்க சரிப்படாது சார். உங்க இடத்துல நடக்கிறது வேற, இங்க நடக்கிறது வேற" என்றார். அவ்வளவுதான்.

"அப்படின்னா அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டார் பிரகாசி.

"நம்பிக்கை மூடத்தனம், அதுக்கு இங்க இடமில்லைங்கிறார்."

"அப்படியா சொன்னார்?"

"வார்த்தை இது இல்லை. அர்த்தம் இதுதான்."

"இந்த அர்த்தம் அவரோடதா, உங்களோடதா?"

மதலைமுத்து கையில் இருந்த பாடத்திட்டத்தைப் புரட்டினார்.

"நம்ம கூட்டத்துல ஒரு ஒழுங்கு இருக்கு, ஃபாதர். மறுக்கிறவர் சொன்னதை முதல்ல நாம திருப்பிச் சொல்லணும். அவர் அதைக் கேட்டுட்டு, ஆமாம், இதைத்தான் சொன்னேன்னு சொல்லணும். அந்த ஆமாம் வர்ற வரைக்கும் பதிலுக்கு வாய் திறக்கக் கூடாது."

"இதெல்லாம் குருமடத்துல நாங்க பண்ணினதுதான். காலங்காலமா நம்ம மரபுல இருக்கிறதுதானே."

"யார்கிட்ட திருப்பிச் சொன்னீங்க?"

"பக்கத்து பெஞ்சுக்காரன்கிட்ட."

"அவனும் சாமியாராகப் போறவன்."

"ஆமா."

"அவன் ஆமாம் சொல்றதுல என்ன கஷ்டம்?"

மதலைமுத்துவுக்கு அவர் படித்த பழைய பாடநூல் ஞாபகத்துக்கு வந்தது. அதில் மறுப்புகள் பொடி எழுத்தில் இருக்கும், பதில்கள் பெரிய எழுத்தில். பரீட்சையில் பொடி எழுத்திலிருந்து கேள்வி வராது. அதனால் அவர் அதைப் படித்ததில்லை. பிறகு ஆசிரியரானபோது நடத்தியதும் இல்லை.

"சேரலாதன் சார்கிட்டயே போய்ச் சொல்லுங்க. அவர் ஆமாம் சொன்னா வாங்க" என்றார் பிரகாசி.

மதலைமுத்து போனார். நம்பிக்கை மூடத்தனம் என்பதுதான் உங்கள் மறுப்பு, சரிதானே என்று கேட்டார்.

சேரலாதன் சிரித்துவிட்டார். "எங்க அம்மா இன்னைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேத்துறாங்க. எண்ணெய் வாங்கிட்டு வர்றது நான்தான். மூடத்தனம்னு சொன்னா எனக்கு வீட்டுல சோறு கிடைக்குமா? நான் அதைச் சொல்லலை சார்."

அடுத்த வாரம் வேறொன்றை எடுத்துக்கொண்டு போனார். மதம் அவரவர் வீட்டுச் சமாச்சாரம், அரசாங்கம் நடத்துகிற இடத்தில் அதற்கு வேலை இல்லை, இதுதானே?

"எதிர் அறையில சைவ சித்தாந்தம் நடக்குது. அதுக்கு அடுத்த அறையில பௌத்தம். டைம்டேபிள் போடுறதே நான்தான். அதையும் நான் சொல்லலை."

"அப்போ என்னதான் சார் சொன்னீங்க?" மதலைமுத்துவின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நான் சொல்லிட்டா நீங்க வீட்டுக்குப் போய்ப் பதில் எழுதிட்டு வந்துடுவீங்க. உங்க ஆளுங்க அதுல கெட்டிக்காரங்க. அவசரம் இல்லைன்னா என் வகுப்புல கொஞ்ச நாள் வந்து உட்காருங்க. இங்க என்ன நடக்குதுன்னு பாருங்க."

மதலைமுத்து பொருமிக்கொண்டே மடத்துக்கு வந்தார்.

"அவர் என்னை வெச்சு விளையாடுறார், சிஸ்டர். எம்.ஏ. பசங்களோட போய் உட்காரச் சொல்றார். நான் தத்துவம் நடத்த ஆரம்பிச்சப்போ இவர் காலேஜுக்கே வந்திருக்க மாட்டார்."

"இங்க என் முன்னாடி உட்காரலையா?"

"இது நம்ம இடம்."

"அதனாலதான் இங்க சுலபமா இருக்கு" என்றார் பிரகாசி.

மதலைமுத்துவிடம் ஆயிரம் குறை இருந்தாலும், எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் மட்டும் கிடையாது. அடுத்த நாள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டே பஸ் ஏறினார். சட்டை பேண்டில் போனால் பயந்துபோனதாக ஆகிவிடும் என்று நினைத்தார். கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சேரலாதன் ஒருமுறை தலையசைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

முதல் சில வகுப்புகளில் மதலைமுத்து தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். நிறையவே கிடைத்தது. இங்கே காரணகாரியம் சரியில்லை, அங்கே ஒரு படி விட்டுப்போய்விட்டது என்று மனசுக்குள்ளேயே மதிப்பெண் போட்டார்.

ஒரு நாள் சேரலாதன் கரும்பலகை நிறைய ஒரு வாதத்தை எழுதி முடித்தார். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். பீடிக்கடை வைத்திருக்கிறவரின் மகள். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவள் என்று பிறகு தெரிந்தது.

"சார், மூணாவது வரியும் ஆறாவது வரியும் ஒண்ணா இருக்க முடியாதே."

சேரலாதன் பலகையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"நீ சொல்றதுதான் சரி" என்றார். "போன வருஷமும் நான் இப்படித்தான் நடத்தியிருக்கேன். அந்தப் பசங்களையும் கூப்பிட்டுச் சொல்லணும்."

டஸ்டரை எடுத்துப் பலகை முழுவதையும் அழித்தார். "இப்போ எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார்.

மதலைமுத்துவை உலுக்கியது அவர் அழித்தது அல்ல. வகுப்பில் யாருமே அதற்கு ஆச்சரியப்படவில்லை. பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பிப் புதிதாக எழுத ஆரம்பித்தார்கள். அங்கே அது வாடிக்கை போலிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது மதலைமுத்து தன் வகுப்புகளை நினைத்துப் பார்த்தார். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது எழுதியதை அழித்தோமா என்று தேடினார். மணி அடித்த பிறகு அடுத்தவருக்காகப் பலகையைத் துடைத்ததுதான் ஞாபகம் வந்தது. எழுந்து கேள்வி கேட்ட பையன்கள் சிலரின் முகமும் ஞாபகம் வந்தது. அவர்கள் எல்லோருக்கும் அவரிடம் உடனே பதில் இருந்தது. அதில் இரண்டு பேர் குருமடத்தை விட்டே போய்விட்டார்கள். அவருக்குத் துக்கமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் சேரலாதனின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், உங்க வகுப்புல நீங்களும் தோற்கலாம். உங்க மாணவி ஜெயிக்கலாம். அது ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் உட்காருறீங்க. என் வகுப்புல பையன் மட்டும்தான் தோற்க முடியும். நான் தோற்க மாட்டேன்னு வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவாயிருக்கு. தோற்கவே முடியாத ஒருத்தன் எதிர்ல உட்கார்ந்து கேள்வி கேட்டா, அது கேள்வி மாதிரி இருக்கும். கேள்வி இல்லை. அப்படிப்பட்ட ஒருத்தனை உங்க பிள்ளைங்க முன்னாடி நிறுத்த உங்களுக்கு மனசு வரலை. இதுதான் நீங்க சொன்னது."

சேரலாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமாம் சார்" என்றார். "இதைத்தான் சொன்னேன். ஆனா இவ்வளவு நல்லா நான் சொல்லலை."

சனிக்கிழமை மதலைமுத்து வாதக் கூட்டத்துக்கு முன்பாகவே வந்துவிட்டார். பிரகாசி நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். மதலைமுத்துவும் ஒரு கை கொடுத்தார்.

"ஆமாம் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார்."

"இப்போ பதில் சொல்லலாமே."

"பதில் இல்லை, சிஸ்டர்."

பிரகாசி கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"நம்ம மரபுல ஒரு மறுப்புக்கு என்னென்ன சொல்லலாம், ஃபாதர்? நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

"மறுக்கிறேன்னு சொல்லலாம். பிரிச்சுச் சொல்றேன், இந்தப் பாதி சரி, அந்தப் பாதி தப்புன்னு சொல்லலாம்."

"மறுக்க முடியுமா?"

"முடியாது. என் கண்ணால பார்த்துட்டேன்."

"பிரிக்க முடியுமா?"

"ராத்திரி பகலா முயற்சி பண்ணிட்டேன். தப்பிக்கிறதுக்காகப் பிரிக்கிறேன்னு எனக்கே தெரியுது."

"இன்னொண்ணு இருக்கே."

மதலைமுத்துவுக்கு அது தெரியும். மூன்றில் முதலாவது அதுதான். ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்வது. பாடநூலில் இருந்தது. அவர் அதை உபயோகித்ததே இல்லை.

"ஒத்துக்கிட்டா பாடம் போச்சு, சிஸ்டர்."

"போகலாம்."

"நீங்க சுலபமாச் சொல்லிட்டீங்க. எத்தனை வருஷக் கனவு தெரியுமா?"

"தெரியும். ஆனா உண்மைன்னு தெரிஞ்சதை இல்லைன்னு சாதிச்சு அந்தப் பாடத்தை வாங்கிட்டீங்கன்னு வைங்க. உள்ள போய் என்ன நடத்துவீங்க?"

மதலைமுத்து உட்கார்ந்தார்.

"விட்டுட்டு வாங்கன்னு நான் சொல்லலை" என்றார் பிரகாசி. "ஒத்துக்கிட்ட பிறகு கையில என்ன மிச்சம் இருக்குன்னு பாருங்க. மிச்சம் இருக்கிறதை எடுத்துக்கிட்டுப் போய்க் கேளுங்க. சத்தமாவே கேளுங்க."

பாடத்திட்டக் குழு கூடிய அன்று, எழுதி வைத்திருந்த நீளமான பதிலை மதலைமுத்து எடுத்துக்கொண்டு போகவில்லை. குழுவுக்கு ஒரு அம்மையார் தலைவி. வேறு ஊரிலிருந்து வந்தவர்; ரயிலைப் பிடிக்கிற கவலையில் இருந்தார்.

"துறைத்தலைவர் மறுப்புத் தெரிவிச்சிருக்கார். உங்க பதில் என்ன?"

மதலைமுத்து முதலில் மறுப்பைத் திருப்பிச் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லிவிட்டுச் சேரலாதனைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றார் சேரலாதன்.

"ஒத்துக்கொள்கிறேன்" என்றார் மதலைமுத்து.

குழுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவி பேனாவை எடுத்தார். "அப்போ விண்ணப்பத்தை வாபஸ் வாங்குறீங்க."

"இல்லைம்மா. வாபஸ் வாங்கலை."

"ஒத்துக்கிட்டீங்களே."

"ஒத்துக்கிட்டதனாலதான் கேட்கிறேன். சேரலாதன் சார் என்னைப் பத்திச் சொன்னது சரி. நான் அப்படித்தான் நடத்தியிருக்கேன். நான் நடத்துற மரபும் அப்படித்தானான்னு எனக்கு இன்னும் தெரியலை. மறுப்பை முதல்ல வெச்சு, அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் பேசணும்னு ஒழுங்கு வெச்சதும் அதே மரபுதான். எது நிஜம்னு குருமடத்துல உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அங்க எல்லாரும் எனக்கு ஆமாம் சொல்றவங்க. இதை விட்டா எனக்கு வேற இடம் இல்லை."

மதலைமுத்து தொடர்ந்தார்.

"வாராவாரம் மறுப்பு முதல்ல வரட்டும். அதைச் சேரலாதன் சாரோ பிள்ளைங்களோ சொல்லட்டும். நான் திருப்பிச் சொல்றேன். சொன்னவங்க ஆமாம்னு சொன்னாத்தான் என் பாடம் ஆரம்பம். சொல்லலைன்னா அன்னைக்குப் பாடம் இல்லை. நான் திருப்பிச் சொல்றதே பாடம்."

"நீங்க தோத்துட்டா?" என்று கேட்டார் சேரலாதன். "பலகையை அழிப்பீங்களா?"

"அழிப்பேன்."

"உங்க பிஷப் ஒத்துக்குவாரா?"

"தெரியலை சார். அவர் என்ன சொல்றார்னு கேட்டு, அதையும் திருப்பிச் சொல்லிப் பார்க்கணும்."

தலைவி சிரித்தார். சேரலாதன் சிரிக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒழுங்கு எனக்கும் வேணும்" என்றார் கடைசியில். "இவங்க புத்தகத்தை நானும் படிச்சிருக்கேன். மறுக்கிறதுக்காக மட்டும்தான் படிச்சிருக்கேன். இவர் சொல்றதை நான் திருப்பிச் சொல்லி, இவர் ஆமாம் சொல்ற வரைக்கும் நானும் மறுக்கக் கூடாதுன்னு போடுங்க. அப்படின்னா எனக்குச் சம்மதம்."

ஒரு வருடத்துக்கு மட்டும் அனுமதி என்று எழுதினார்கள். வரும் பருவத்திலிருந்து, திங்கட்கிழமை தோறும், காலை பத்து மணி.

பருவம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை. வாதக் கூட்டம் கலைந்து எல்லோரும் போய்விட்டார்கள். மதலைமுத்து மட்டும் போகவில்லை. பிரகாசி காபி கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஃபாதர், முகமே சரியில்லையே. கேட்டது கிடைச்சுதுதானே?"

"கிடைச்சுது. விட மாட்டேன்னு சண்டை போட்டு வாங்கினேன். திங்கட்கிழமை போகத்தான் போறேன்."

"பிறகென்ன?"

"பயமா இருக்கு, சிஸ்டர். பத்தொன்பது பிள்ளைங்க சேர்ந்திருக்காங்க. அதுல பாதிப் பேர் நம்ம பங்குப் பிள்ளைங்க. அவங்க அப்பா அம்மா எல்லாம் என்னை நம்பித்தான் அனுப்புறாங்க. வாராவாரம் நான் நேர்மையா நடந்து, மறுப்பைச் சரியாத் திருப்பிச் சொல்லி, வருஷக் கடைசியிலயும் சேரலாதன் சார் சொன்னதே சரியா இருந்துட்டா?"

பிரகாசி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்றேன் ஃபாதர், சரியான்னு பாருங்க. அந்தப் பிள்ளைங்க முன்னாடி தோத்துப்போயிடுவோமோன்னு பயப்படுறீங்க."

"ஆமாம்" என்றார் மதலைமுத்து.

"அங்க தோற்கப்போறது யாருன்னு பயப்படுறீங்க? உண்மையா, நீங்களா?"

மதலைமுத்து காபியைக் கீழே வைத்தார்.

"உண்மை தோத்துடும்னு பயந்தீங்கன்னா நாளைக்குப் பூசையே வைக்காதீங்க" என்றார் பிரகாசி. "நீங்க தோத்துடுவீங்கன்னு பயந்தா, திங்கட்கிழமை பத்து மணிக்கு வகுப்பு. லேட்டாப் போகாதீங்க."